சாய்ந்த கீறல்

“அத்தை, ஆர்மோனியத்துக்குக் கண்ணு இருக்கா?”

எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட கேள்வி இது. அவளே விளக்கினாள். “இல்ல, தொட்டது ஆம்பளையா பொம்பளையான்னு அதுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்.”

தட்டுகளின் சத்தம் நின்றது. அப்பாவுக்குக் கேள்வி பாதிதான் காதில் விழுந்தது. மீதியை மற்றவர்கள் முகத்தில் படித்துக்கொண்டார். அம்மா தன் இடது கை விரல்களை மெல்ல மடக்கி மடிக்குள் மறைத்தாள். நகக்கண்ணில் பித்தளைத் தூள் இன்னும் போகவில்லை.

“சோறு ஆறுது. வாய மூடிட்டுச் சாப்பிடு” என்றாள் அத்தை.

“வாய மூடிட்டு எப்படி அத்தை சாப்பிடறது?”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்று காலையில்தான் பிரார்த்தனை மண்டபத்தின் பழைய ஆர்மோனியத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கடையில் இறக்கியிருந்தார்கள். கூடவே வந்த மண்டப நிர்வாகி, குழந்தையையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். “உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. இருந்தாலும் சொல்றேன். மண்டபத்து வாத்தியம். வீட்டுப் பொம்பளைங்க கை படாம பாத்துக்குங்க. பட்டா சுருதி நிக்காது. வழிவழியா வந்த நம்பிக்கை.”

அந்தப் பழைய நகரத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிய அந்தத் தெரு முழுக்கப் பாட்டுத்தான். ஒரு மாடியில் வயலின் அழும், எதிர் மாடியில் மத்தளம் அதட்டும். எல்லாருடைய வாத்தியமும் பழுதானால் வந்து சேரும் இடம் காதுக்காரர் கடை. குழந்தையின் அப்பாதான் காதுக்காரர். அது பட்டப் பெயர். அவர் அப்பாவுக்கு இருந்தது, அவருக்கும் வந்தது. ‘அந்த வீட்டுல சுவருக்கும் காது உண்டு, அதுவும் சுருதி சுத்தமான காது’ என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

உண்மை வேறு. காதுக்காரரின் காது ஆறு வருடமாக மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பேச்சைச் சமாளித்துக்கொள்வார், மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் அவருக்கு இல்லவே இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்தது அவர் மனைவி. காதும் காதும் வைத்தாற்போல் அது நடந்துவந்தது. வெளியே தெரிந்தால் மண்டபம் போகும். மண்டபம் போனால் தெருவே போகும்.

வேலை இதுதான். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு பித்தளை நாக்குகள் இருக்கும். ரீடு என்பார்கள். தாழ்ந்து ஒலிப்பது ஆண் ரீடு, உயர்ந்து ஒலிப்பது பெண் ரீடு என்று பட்டறைப் பேச்சு. இந்த விஷயம் நிர்வாகிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதி ஆர்மோனியத்தைக் கழற்றிப் போடச் சொல்லியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒலி நேராக வராது, ‘உவ்வா உவ்வா’ என்று அலையடிக்கும். ரீடின் நுனியை இம்மி சுரண்டினால் ஸ்வரம் ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். அலை நிற்கும் இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால், போன பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது.

காதுக்காரர் மனைவி இடதுகைக்காரி. அவள் சுரண்டினால் கீறல் சாய்ந்து விழும். “உன் கீறலைப் பாத்தா மழைச்சாரல் மாதிரி இருக்கு” என்று அவர் கிண்டல் செய்வார். அவர் அப்பா கற்றுத்தந்த முறையில் கீறல் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும்.

அந்த நேர் கீறல் போடத் தெரிந்த இன்னொரு ஆள் அந்த வீட்டில் இருந்தாள். அதுதான் அத்தை.

அத்தை காதுக்காரரின் அக்கா. எட்டு வயதிலேயே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் அலையடிக்குதுப்பா” என்று சொன்னவள். அப்பா சிரித்தார், மறுபடி துருத்தியை அழுத்திப் பார்த்தார், அவள் சொன்னது சரியாக இருந்தது. நாலு வருடம் அவள் காதை வைத்துத்தான் அவர் பேர் எடுத்தார். ஒரு தரம் சுரண்டியையே அவள் கையில் கொடுத்து, “இழு” என்றார். பன்னிரண்டு வயது முடிந்த வாரத்தில் யாரோ ஒரு வாடிக்கைக்காரர் அவளை அந்த அறையில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். மறுநாள் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வந்தது. சுரண்டி ஆறு வயதுத் தம்பியின் கைக்குப் போனது. தம்பிக்கு அன்றைக்குக் காது நன்றாகக் கேட்டது, ஆனால் அலை கேட்கவில்லை. “கேக்கும் கேக்கும், பழகப் பழகக் கேக்கும்” என்றார் அப்பா. அவள் கல்யாணமாகிப் போன வீட்டில் பாட்டே கிடையாது. நாலே வருடத்தில் தனியாளாகத் திரும்பி வந்தாள். அடுப்படியில் நின்றாள். இன்று வரைக்கும் நிற்கிறாள்.

ஆகவே, தம்பி தன் மனைவியை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்த அன்று அத்தையின் வயிற்றில் மூண்ட நெருப்பு அடுப்பு நெருப்பை விடச் சூடாக இருந்தது. வந்தவள் யார்? தையல்காரர் மகள். ஊசியும் நூலுமாக வளர்ந்தவள். ‘எனக்குச் சாத்தின கதவை இவளுக்குத் திறந்துவிட்டானே’ என்று அத்தை மனதுக்குள் சொன்னாள். ஒரு தடவையல்ல, ஆறு வருடமாக, பாத்திரம் தேய்க்கிறபோதெல்லாம் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்பாள். ஒரு அலை, ஒரே ஒரு அலை கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக இருக்கும். ஆரம்பத்தில் நிறையக் கேட்டது. வருடம் போகப் போகக் குறைந்தது.

பொறாமை என்றால் கெட்டவர்களுக்கு வரும் நோய் என்று நினைத்துக்கொள்கிறோம். பசிக்கிறவனின் கண் அடுத்தவன் தட்டுக்குப் போவதும் அதே பெயரில்தான் வருகிறது. கடவுள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார் என்று நம்புகிறேன். நமக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் வேலை முடிந்தது. காதுக்காரர் துருத்திகளுக்குத் தோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மனைவி கை கழுவிக்கொண்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள்.

“அண்ணி, உள்ள டம்ளர் இருக்கு, அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்” என்றாள்.

“நானே எடுத்துக்கிறேன், போ” என்றாள் அத்தை.

டம்ளரை எடுக்கத்தான் போனாள். அதைச் சத்தியமாகச் சொல்லலாம். போனவள் துருத்தியில் ஒரு கை வைத்து, நடு ஸ்தாயியின் ‘ச’ கட்டையை அழுத்தினாள். மண்டபத்தில் எல்லாப் பாட்டும் புறப்படுகிற இடம் அது.

அலை இல்லை. ஒலி தேன் ஒழுகுகிற மாதிரி அறுபடாமல் வந்தது.

ஒரு சின்னப் பிழை இருந்திருந்தால் அவள் அதைத் தானே சரிசெய்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் சந்தோஷமாக வெளியே வந்திருப்பாள். பிழையில்லாததுதான் அவளைச் சுட்டது. மூடியைத் திறந்தாள். பெண் ரீடைத் தேடி எடுக்க அவள் விரல்களுக்கு யோசனை தேவைப்படவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு சுரண்டியைப் பிடித்தாள். ரீடின் அடியில் ஒரே ஒரு இழுப்பு. நேரான, அழகான இழுப்பு. டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் கோடு எவ்வளவு நேராக விழுந்தது என்பதும் கூடவே வந்தது.

மறுநாள் காலை நிர்வாகி மண்டபத்துப் பாட்டுக்காரரோடு வந்தார். பாட்டுக்காரர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ‘ச’வை அழுத்தினார். உவ்வா, உவ்வா என்றது. மறுபடி அழுத்தினார்.

காதுக்காரர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். “நல்லா சேந்திருக்கில்ல?”

பாட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அண்ணே, விளையாடறீங்களா? கிணத்துல வாளி ஆடுற மாதிரி ஆடுது. உங்களுக்குக் கேக்கலியா?”

காதுக்காரரின் தலையாட்டல் நின்றது. நிர்வாகி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைக்கும் உள் அறைக்கும் நடுவில் தொங்கிய திரையைப் பார்த்தார். “என்னய்யா இது? வேற யார் கையாவது பட்டுச்சா?”

திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அத்தை காதைத் திரையோடு வைத்தாள். இந்த நேரத்துக்காகத்தானே அந்த இழுப்பு? தம்பி வாய் திறந்து, ‘நான் செய்யலைங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி மனைவி மேல் விழும்.

அவர் சொல்வதற்குள் அவர் மனைவி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நான்தாங்க. நேத்து உள்ள பெருக்கும்போது பெட்டிய இடிச்சிட்டேன். சாஞ்சிடுச்சு. துணியால பிடிச்சுத்தான் நிமித்தினேன், கை படல. அவர் சரியாத்தான் சேத்து வெச்சிருந்தார். எம்மேலதான் தப்பு.”

“பாத்தீங்களா?” நிர்வாகி பாட்டுக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். “இதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பொம்பளைங்க நடமாடற இடத்துல வெச்சா இப்படித்தான் ஆகும். நாளை மறுநாள் கூட்டுப் பிரார்த்தனை. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். அப்பவும் ஆடுச்சுன்னா, வேற இடம் பாத்துக்கிறோம்.”

அவர்கள் போனதும் காதுக்காரர் பெட்டியை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். மனைவி உள்ளே போய், மூடியைத் திறந்து, அந்த ரீடைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் ஒரு புதுக் கீறல் பளபளவென்று இருந்தது. பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்து மூடினாள். “என்னங்க, ஒரு மணி நேரம் கொடுங்க, சரி பண்ணிடறேன்.”

“எழுந்து வெளிய போ.”

“இல்லைங்க, சின்ன வேலைதான்.”

“வெளிய போன்னு சொன்னேன்.” அவர் குரல் உடைந்தது. காது போன மனிதருக்குத் தன் குரலின் உயரம் தெரிவதில்லை, தெருவே கேட்டிருக்கும். “என் காது போச்சுன்னு உனக்கு இளக்காரம். நீதான் கடைன்னு நெனப்பு வந்துடுச்சு. இடிச்சத ஒரு வார்த்தைகூடச் சொல்லாம அப்படி என்ன அலட்சியம்? இனிமே இந்த அறை வாசல்ல உன் நிழல் படக் கூடாது.”

பொறாமை அந்த வீட்டில் ஒருத்தரோடு நின்றுவிடவில்லை. ஆறு வருடமாக மனைவி தனக்காகக் கேட்டுக் கேட்டுச் சொன்ன ஒவ்வொரு ஸ்வரமும் அவர் நெஞ்சில் முள்ளாகச் சேர்ந்திருந்தது. கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைத் தன் படுக்கைக்கு மேலே ஆணியில் மாட்டினார்.

பூட்டு விழுந்த சத்தம் அத்தைக்குப் பழைய சத்தம்.

பிற்பகலில் அவர் மட்டும் கதவைத் திறந்து உள்ளே போனார். சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ‘ச’வை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவருக்கு எதுவும் ஆடவில்லை. பெட்டியைத் திறக்கக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை. வெளியே வந்து, மறுபடி பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் இல்லை.

அடுப்படியில் மனைவி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்ப்பதற்கு முன், தன்னை அறியாமல், இரண்டு டம்ளர்களின் விளிம்பிலும் நகத்தால் தட்டினாள். டிங். டிங். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி தட்டினாள். தலை லேசாகச் சாய்ந்தது.

அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பது வருடத்துக்கு முன், தாழ்ப்பாள் வந்த வாரத்தில், இதே அடுப்படியில் இதே மாதிரி டம்ளர் தட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏம்மா” என்றாள். “நீ பெட்டிய இடிக்கலையே. அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?”

“வேற யாரைச் சொல்றது அண்ணி?”

“தெரியுமா உனக்கு?”

அவள் டம்ளரிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். “அவங்க முன்னாடி நிக்கும்போது தெரியாது. திரை இடுக்குல அவர் முகத்தைப் பாத்ததும் பொய் வந்துடுச்சு. அப்புறம் ரீடைத் தூக்கிப் பாத்தேன்.” தயங்கினாள். “அண்ணி, அந்தக் கீறல் எவ்வளவு நேரா இருக்கு! ஆறு வருஷமா இழுக்கிறேன், எனக்கு ஒரு தரம்கூட அப்படி விழுந்ததில்ல. நல்ல கை உங்களுக்கு.”

அவள் குத்திச் சொல்லவில்லை. அதைத்தான் அத்தையால் தாங்க முடியவில்லை. ‘பாவி’ என்று சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை இருந்தது. நாற்பது வருடத்தில் இப்போதுதான் அவள் கையை ஒருத்தி மெச்சியிருக்கிறாள். ஈரத் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியது. காதுக்காரர் வழக்கம்போல் காலைப் பிரார்த்தனைக்கு மண்டபத்துக்குப் போனார். சாயங்காலம் வரைக்கும் தவணை கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. மனைவி குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது குழந்தை கேட்டாள்: “அத்தை, தொட்டது யாருன்னு ஆர்மோனியத்துக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்குக் கேட்டேனே, நீங்க பதிலே சொல்லல.”

“போயிட்டு வா. யோசிச்சு வெக்கிறேன்.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. அத்தை ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடலாம். தவணை கிடைக்காமல் காதுக்காரர் திரும்பி வருவார். கூடவே நிர்வாகியும் பாட்டுக்காரரும் வருவார்கள். பாட்டுக்காரர் ‘ச’வை அழுத்திவிட்டு, “அடடா, கோடு போட்ட மாதிரி நிக்குதே” என்பார். நிர்வாகி பெருமையாக, “பொம்பளைக் கை படாம பாத்துக்கிட்டா, அப்புறம் சுருதி ஏன் நிக்காது?” என்பார். அடுத்த நாள் நூறு பேர் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு கடவுளைப் பாடுவார்கள். கடவுளும் ஒரு குறையும் சொல்லமாட்டார். அவர்கள் பெட்டியைத் தூக்குவதற்கு முன் காதுக்காரர் மூடியைத் திறந்து பார்ப்பார். காது போனாலும் கண் இருக்கிறது. பெண் ரீடின் நுனியில் ஒரு புதுக் கீறல், மழைச்சாரல் மாதிரி சாய்ந்து இருக்கும். பூட்டிய அறைக்குள் மனைவி வந்து தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அன்று சாயங்காலம் சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் வைப்பார். அதற்குப் பிறகு அந்தச் சாவி ஆணிக்குத் திரும்பாது.

அதெல்லாம் பிறகு.

இப்போது அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மேல் ஜன்னல் வழியாக வெயில் மடியில் விழுந்தது. ரீடின் அடியில் தான் போட்ட நேர்க்கோட்டை ஒரு முறை தடவிப் பார்த்தாள். சுரண்டி வலது கையில் இருந்தது. நுனியில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நேராக, அப்பா கொடுத்த மாதிரி. அந்தக் கை அதற்குத் தயாராக இருந்தது; நாற்பது வருடமும் அது வேறு எதற்கும் தயாராக இருந்ததில்லை.

சுரண்டியை இடது கைக்கு மாற்றினாள்.

பழக்கமில்லாத கையில் சுரண்டி வழுக்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மணிக்கட்டைச் சாய்த்து, இம்மி அளவு இழுத்தாள். ரீடைப் பொருத்தித் துருத்தியை அழுத்தினாள். உவ்வா... உவ்வா... அலை தளர்ந்திருந்தது. மறுபடி எடுத்து, அதே சாய்வில், அந்தக் கீறலின் மேலேயே இன்னும் மெல்ல இழுத்தாள். உவ்வா... உ... வ்... வா...

நின்றது.

காலி அறையில் அந்த ஒலி நேராக ஓடியது. அவள் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. துருத்தியில் காற்று தீருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியாது கண்ணு” என்று மெல்லச் சொன்னாள். “அதுக்குத் தெரியவே தெரியாது.”

மூடியைப் பொருத்தி, மடியில் விழுந்திருந்த பித்தளைத் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள். ஆடிக்கொண்டிருந்த சாவியை ஒரு விரலால் தொட்டு நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.